ஆலடி பங்களா: அளவெடுத்த நாள்

ராணிப்பேட்டைக்கு மேற்கே, பாலாற்றங்கரையில்
பதிவேட்டில் அதன் பெயர் ஆலடி பங்களா.
ஆலமரம் ஒன்றும் அங்கே இருந்ததில்லை.
ஹாலிடே என்றொரு துரை,
குதிரைப்படைக்குக் கொள்ளு விற்றுப் பணம் சேர்த்தவர்,
தன் ஊர் மாளிகையை நினைவிலிருந்து வரைந்து
இங்கே கட்டச் சொன்னாராம்.
ஊர் வாயில் பெயர் மெல்லப்பட்டதில்
துரை கரைந்தார்; மரம் நின்றது.

சாலை அகலமாகிறது. இடிக்குமுன் மதிப்பு வேண்டும்.
டேப்பின் ஒரு முனை கலாசி ஏகாம்பரத்திடம்,
மறுமுனையும் எம்-புக்கும் என்னிடம்.
கூடத்துச் சுவர் இரண்டடி நாலங்குலம்.
உளியால் சுரண்டினால்
ரேஷன் கிடங்கின் மஞ்சள்,
அதற்கடியில்
காலராவுக்குக் கட்டில் போட்ட வருஷத்து நீலம்.

மேற்கு வாசல் செங்கல்லால் அடைபட்டிருக்கிறது.
மேல்விஷாரம் வதூத் சாயபு வாங்கியதும்
செய்த முதல் வேலை அது.
தோல் மண்டிதான் இந்த வீட்டை வாங்கித் தந்தது,
அதன் நாற்றம் படுக்கைக்கு வரவேண்டாம் என்றாராம்.

வடக்குச் சுவரில், தலைக்கு மேலே,
கட்டைவிரல் நுழைகிற ஒரு துளை.
ஏகாம்பரம் ஏணியில் ஏறி விரல்விட்டுப் பார்த்தார்:
'வழவழன்னு இருக்குது மேடம்.'
பங்காக் கயிறு.
வெளியே வெயிலில் உட்கார்ந்து இழுத்தவனுக்கு
உள்ளே வீசிய காற்று என்ன நிறம் என்றுகூடத் தெரிந்திருக்காது.
சிறு துவாரங்களைக் கழிக்கக் கூடாது என்பது விதி.
சுவர் முழுசு என்றே எழுதினேன்.

அப்புறம் அந்தக் கணப்பு.
கத்திரி வெயிலில் கல்லே வியர்க்கிற ஊரில்
குளிர்காய ஒரு கணப்பு!
விளிம்பில் திராட்சைக்கொடி செதுக்கச் சொல்லியிருக்கிறார்.
செதுக்கியவர் பார்த்த கொடி பாகல்தான் போலும்,
பாகலாகவே படர்ந்திருக்கிறது.
மாடியேறிப் புகைபோக்கியைத் தட்டினேன்.
அடியிலிருந்து முடிவரை கெட்டிச் செங்கல்.
குழல் இல்லை.
இதை எவன் கொளுத்தப்போகிறான் என்று
கொத்தனாருக்குத் தெரிந்திருக்கிறது.

விரிசலில் ஒரு கன்று, எட்டு இலை.
'அரசு மேடம்' என்றார் ஏகாம்பரம்.
'ஆல்' என்றேன்.

'அந்தக் கதவு உள்ளே திறக்கும்னு
தள்ளாமலே எப்படித் தெரிஞ்சுது?'
பதில் சொல்லாமல் டேப்பைச் சுருட்டினேன்.

கிடங்கு போனபின் இது அரசு மாணவியர் விடுதி.
அறுபத்திரண்டு பேர், இரண்டு கழிப்பறை.
பங்காத் துளையில் கொடி கட்டிப் பாவாடை உலர்த்தினோம்.
முன்வாசல் பூட்டியே இருக்கும்;
வருவோர் பெரிய மனுஷர் என்றால் மட்டும் சாவி வரும்.
எங்களுக்குக் கொல்லைவழி.

ஓர் ஐப்பசி, மின்சாரம் போன மூன்றாம் இரவு,
போளூர்ப் பக்கத்துப் பூங்காவனம்
உடைந்த பெஞ்சைக் கணப்பில் அடுக்கித்
தீக்குச்சி உரசினாள்.
அந்தக் கணப்பு கண்ட முதல் தீ.
போக வழியில்லாத புகை எங்கள்மேல் திரும்பியது.
கண்ணெரிய, இருமலும் சிரிப்புமாக,
வார்டன் சாவி தேடுவதற்குள்
முன்வாசலைத் தாழ்ப்பாளோடு பெயர்த்துக்கொண்டு
அறுபத்திரண்டு பேரும்
துரைபோல் படியிறங்கி மழையில் நின்றோம்.

தாழ்ப்பாளுக்கு முப்பத்தாறு ரூபாய்
சோப்புப் படியில் பிடித்தார்கள்.
வாசலை மட்டும் பிறகு யாரும் பூட்டவில்லை.

கணப்புக்கு மேல் மூன்றடிக்கு இன்னும் கரி.
அதையும் அளந்தேன், படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாவிட்டாலும்.

தற்போதைய பயன்பாடு: குடியிருப்பு, வணிகம், காலி.
'காலின்னு போடுங்க மேடம், வெயில் ஏறுது.'
கணப்புக்குள்ளிருந்து ஒரு நாய் உறுமியது.
அதன் வயிற்றோரம் கண் திறக்காத நாலு குட்டிகள்.
குடியிருப்பில் டிக் போட்டேன்.
மேலே கேள்வி வந்தால் வரட்டும்.

ஜீப் ஆற்காடு தாண்டும்வரை ஏகாம்பரம் விடவில்லை.
'இலை நுனியப் பாத்தீங்களா? அரசுதான்.'
எம்-புக்கின் ஓரத்தில்
சின்னதாக, பென்சிலில், எழுதிக்கொண்டேன்:
ஆல்.